ஆளுக்கு ஒரே ஒரு கரண்டி

சிறுநீரகப் பிரிவில் உணவு ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மை யாருக்கும் பிடிக்காது. டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறார். நர்ஸ் ஊசி போட்டாலும் பேச்சுத் துணைக்கு இருக்கிறார். நாம் போய் ஒரு மனிதனின் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உப்பில்லாத சுரைக்காயை வைத்துவிட்டு வருகிறோம். அதற்குப் பிறகும் அவர் நமக்கு வணக்கம் சொன்னால் அது அவருடைய பெருந்தன்மை.

நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தது சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்து வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு, மத்தியானச் சோற்றுக்கு ஊறுகாயோ கருவாடோ இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. வெயிலில் வேலை, குடிக்கிற தண்ணீர் குறைவு, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பது தெரியாமலே பல வருடம் ஓடியிருக்கும். சிறுநீரகம் கையை விரித்த பிறகு நம்மிடம் வருவார்கள். நாம் என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அச்சடித்த தாளைக் கொடுப்போம். அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அந்தத் தாளுக்கு அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதீர்கள்.

கருப்பசாமியைப் பற்றிச் சொல்கிறேன். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை.

அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் போர்மேனாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், மூத்திரமே நின்றுபோய், வாரத்துக்கு மூன்று நாள் எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார். மற்ற நாட்களில் சும்மா இருக்கமாட்டேன் என்று அடம் பிடித்ததால், முதலாளி அவரை வாசலில் சோதனை பார்க்கும் வேலையில் உட்கார வைத்திருந்தார். காலையில் வேலைக்கு வருகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விட வேண்டும். தூக்குச்சட்டியையும் திறந்து பார்ப்பார். ஆகவே அந்தக் கம்பெனியில் அன்றைக்கு யார் என்ன குழம்பு கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது காலையிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சிறுநீரகம் போன ஒருவருக்கு இதைவிடக் கொடுமையான வேலையை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் அதைச் சந்தோஷமாகச் செய்தார்.

அவருடைய மனைவி முத்துமாரி, தன் சிறுநீரகத்தில் ஒன்றை அவருக்குக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தார். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் பரிசோதனை எல்லாம் முடிந்து, பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள். கருப்பசாமியின் ரத்தத்தில் பொட்டாசியம் சில வாரம் அடங்கி இருக்க வேண்டும். வாயைக் கட்ட முடியாதவருக்குப் புதுச் சிறுநீரகம் வைத்தால் அதையும் அவர் பாழாக்கிவிடுவார் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான்.

பொட்டாசியத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும். அளவு தாண்டினால் இதயம் நின்றுவிடும். கீரை, வாழைக்காய், கிழங்கு, பயறு, இளநீர் என்று ஊரே உடம்புக்கு நல்லது என்று சொல்லும் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கருப்பசாமியிடம் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொட்டாசியமா? அது நம்ம வெடியுப்புல இருக்கிறதுல்ல மேடம்? கீரையிலயுமா இருக்கு?"

"இருக்கு."

"அப்ப எங்க ஆத்தா எனக்கு இம்புட்டு நாளும் வெடிமருந்தயா கடைஞ்சு ஊத்துனா?" என்றார். அதற்குப் பிறகு கீரை என்ற சொல்லை எடுத்தாலே குரலைத் தாழ்த்திப் பேசுவார். இந்த ஆள் தேறிவிடுவார் என்று நான் நினைத்தேன்.

ரத்தம் வேறு சொன்னது. ஒவ்வொரு பரிசோதனையிலும் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. எங்கள் டாக்டர் நல்லவர், ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்தால் அது முதலில் அடுப்படிக்குத்தான் போகும். "அந்தம்மா காயை ஒழுங்கா வேகவைத்து வடிக்கிறாங்களான்னு பாருங்க" என்றார். நான் முத்துமாரியை எங்கள் மருத்துவமனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் செய்வது போலவே செய்து காட்டச் சொன்னேன். அவர் காயைப் பொடியாக நறுக்கினார், ஊறவைத்தார், நிறையத் தண்ணீரில் வேகவைத்தார், பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரை வடித்துக் கொண்டுபோய் வெளியே நின்ற கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். உப்பு டப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் செய்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது. அன்றைக்கு அந்த வளாகத்தில் பொட்டாசியம் கூடிப்போன உயிர் அந்தக் கறிவேப்பிலைச் செடி மட்டும்தான்.

தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடியது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து நடந்து போன கருப்பசாமியை, திங்கட்கிழமை காலையில் அவருடைய மைத்துனர் பாண்டி தன் லோடு வேனில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார். கால் இரண்டும் துவண்டுவிட்டன. நாடி மெதுவாக அடித்தது. இசிஜி எடுத்த நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஓடினார். எங்கள் பிரிவில் அந்த நர்ஸ் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஊசி போட்டு, உடனே மெஷினில் ஏற்றி, மதியத்துக்குள் ஆளை மீட்டார்கள்.

அடுத்த கூத்து டாக்டர் அறையில். பாண்டி முத்துமாரியின் கூடப்பிறந்த அண்ணன். தங்கை சிறுநீரகம் கொடுப்பதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரையும் தன் வேனிலேயே கூட்டிவருவதும் அவர்தான். அப்படி ஒரு எதிர்ப்பு.

"சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றார் டாக்டரிடம். "வாயைக் கட்ட முடியாத ஆளுக்கு எந்தங்கச்சி வயித்தக் கிளிச்சு எதுக்குக் கிட்னிய எடுக்கணும்? நாளைக்கு இவரு அதையும் தின்னே தீர்த்துட்டாருன்னா, அவளுக்கு யாரு குடுப்பா?"

முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "நாளைக்குள்ள இவர் என்ன சாப்பிடுறார்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இல்லேன்னா மதுரைக்கு இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன்." இப்போதைக்கு வேண்டாம் என்றால் பாண்டியின் வீட்டில் அது எப்போதைக்கும் வேண்டாம் என்றாகிவிடும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. கருப்பசாமிமேல்தான் வந்தது. கட்டிலருகே போய் நின்றேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"வீட்ல குடுத்தத."

"வெளியில ஏதாவது வாங்கி?"

"சத்தியமா கடையில காலெடுத்து வைக்கல மேடம்."

"யாராவது பார்க்க வந்து பழம், இளநீர்?"

"நான் என்ன அம்புட்டுப் பெரிய மனுசனா? யாரு வரப்போறா?"

மூன்றுமே உண்மையான பதில்கள். நம் தொழிலில் நோயாளிகள் பொய் சொல்வார்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் சொல்வதில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

நான் விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வேறு பேச்சுப் பேசினேன். கம்பெனியில் சீசன் எப்படி, ஆர்டர் எப்படி, வாசலில் இப்போது யார் நிற்கிறார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எந்தப் பெண்ணின் தூக்குச்சட்டியில் எந்த நாளில் என்ன இருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். பட்டாசுச் சரம் பின்னும் சுப்புத்தாய் வைக்கும் முருங்கைக்கீரையை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லையாம்.

"ஆனா இந்த வாரம் கொஞ்சம் உப்புக் கூடிருச்சு" என்றார்.

தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தே உப்புக் கூடுதல் என்று கண்டுபிடிக்கும் சோதனைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. அவருக்கும் அது உறைத்துவிட்டது. மெஷினைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அண்ணே, மத்தியானம் யாரோட சாப்பிடுறீங்க?" என்றேன்.

முகத்தைத் திருப்பாமலே, "எல்லாரோடயுந்தான்" என்றார்.

பிள்ளைகளே, என் முழுச் சர்வீஸிலும் நான் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டால் வீட்டுச் சமையல் மட்டும்தான் பதிலாக வரும். யாரோடு என்று கேளுங்கள்.

மறுநாள் மதியம் அந்தக் கம்பெனிக்குப் போனேன். முதலாளியிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தேன். இருந்தாலும் வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கருப்பசாமி வைத்த ஒழுங்கு என்று சொன்னார்கள். மருந்து அறைகளுக்குத் தள்ளி, வேப்பமரத்து நிழலில் சாப்பாட்டுக் கொட்டகை. சரம் பின்னுகிற, திரி வைக்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்திருந்தார்கள். அந்த வட்டத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே நகர்ந்து உட்காரவில்லை.

"வாங்க டாக்டரம்மா, சாப்பிடுறீகளா?" என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். "சரிங்க டாக்டரம்மா" என்றார்கள்.

கருப்பசாமிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள். "ஒண்ணும் பெருசா இல்லைங்க. ஒரே ஒரு கரண்டி."

"நானும் ஒரு கரண்டிதான்" என்றாள் அடுத்தவள்.

"நாந்தான் மொதல்ல வச்சேன்" என்றார் சுப்புத்தாய். "வெறுஞ்சோத்த வச்சுக்கிட்டு அந்தா அந்தத் தூண்கிட்டப் போயி முதுகக் காட்டி உக்காருவாரு. நாங்க எப்பிடிங்க இங்கன உக்காந்து திங்க? கூப்பிட்டு ஒரு கரண்டி கீரை வச்சேன். நான் வச்சதப் பாத்து இவளுகளும் வச்சாளுக. ஒரு கரண்டியில என்னங்க வந்துரப் போகுது?"

நான் விளக்கம் சொல்லவில்லை. காலியாக இருந்த ஒரு தூக்குச்சட்டி மூடியை எடுத்து நடுவில் வைத்தேன். "அவருக்கு வைக்கிற மாதிரியே இதுல ஆளுக்கு ஒரு கரண்டி வைங்க" என்றேன்.

சுப்புத்தாய் கீரை வைத்தார். அடுத்தவள் வாழைக்காய். அதற்கடுத்தவள் மொச்சைக் குழம்பு. பிறகு கருவாடு, உருளைக்கிழங்கு, தட்டைப்பயறு. பாதி வட்டம் வருவதற்குள் மூடி நிரம்பி, குழம்பு வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடியது. கரண்டியோடு காத்திருந்த மிச்சப் பேர் கையை மடக்கிக்கொண்டார்கள். எல்லோரும் அந்த மூடியையே பார்த்தார்கள். ஒருத்திக்கொருத்தி மறைத்துச் செய்ததில்லை. தினமும் எல்லோர் கண் முன்னாலும்தான் நடந்திருக்கிறது. ஆனால் அவரவருக்கு அவரவர் கரண்டி மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"எம்புட்டு" என்றார் சுப்புத்தாய். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவரைக் கொல்லப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கொட்டகையில் இல்லை.

இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. இனிமேல் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதுதான் சுலபம். ஆனால் சுப்புத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவரு மறுபடியும் அந்தத் தூண்கிட்டத்தான் உக்காரணுமாங்க?" என்று கேட்டார். அவர் தூண் பக்கம் போனால், ஒருநாள் யாராவது மனசு கேட்காமல் மறுபடி கூப்பிடுவார்கள். அல்லது அவர் சாப்பிடாமலே கிடப்பார். இரண்டும் நம் கணக்கில் நட்டம்தான்.

"வேண்டாம். உங்களோடவே உட்காரட்டும்" என்றேன். "தினமும் ஒரே ஒருத்தர் மட்டும் வைங்க. நான் சொல்ற காய், நான் சொல்ற மாதிரி." சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோஸ். பொடியாக நறுக்கி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல்.

"உப்பில்லாமயா? அத மனுசன் திங்கானா?"

"அவர் திங்கிறாரே."

முறை போட்டுக்கொண்டார்கள். முறை வருகிறவர் அந்தக் காயை எல்லோருக்கும் சேர்த்தே கொண்டுவருவது என்று சுப்புத்தாய் அறிவித்தார். தனியாக அவருக்கு மட்டும் வைத்தால் அது மருந்தாகிவிடும் என்பது அவர் கட்சி. அதன்படி அந்தச் சீசன் முழுக்க ஒரு கொட்டகை நிறையப் பெண்கள் உப்பில்லாத புடலங்காயைத் தின்று, என்னைத் திட்டினார்கள். திட்டு அவ்வப்போது எனக்கு வந்து சேரும்.

சாயங்காலம் மருத்துவமனைக்குத் திரும்பினேன். டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றார். வெளியே பெஞ்சில் பாண்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தத் தின்னாருன்னு தெரிஞ்சதா மேடம்?"

தெரிந்தது என்றேன்.

"எங்க?"

சொன்னால், கம்பெனியில் உட்கார்ந்து கருவாடு தின்றார் என்ற செய்தி அன்று ராத்திரியே அவர் ஊரான சாத்தூர் முழுக்கப் போயிருக்கும். சிறுநீரகம் கொடுக்கச் சம்மதித்து முத்துமாரி போட வேண்டிய கையெழுத்தும் அத்தோடு போயிருக்கும். சொல்லாமல் அவர்மேல் தப்பே இல்லை என்று மழுப்பினால் அது பொய். சிறுநீரகம் கொடுக்கப் போகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். ஆனால் அந்த உரிமை முத்துமாரிக்கு உண்டு, பாண்டிக்கு இல்லை.

"எங்கேன்னு நான் சொல்றதுக்கில்ல" என்றேன். "அதை அவர் வாயால உங்க தங்கச்சிகிட்டச் சொல்லணும். இனி இப்படி நடக்காது. அதுக்கு என் பேச்சை நம்ப வேண்டாம், ரத்தம் சொல்லும்."

பாண்டி என்னை நம்பவில்லை. எழுந்துபோய் வேனைத் துடைத்தார். என்ன சாப்பிடலாம் என்று சொல்வது நம் வேலை. யார் என்ன தின்றார் என்று சாட்சி சொல்வது நம் வேலை இல்லை. டாக்டருக்குச் சொல்லுங்கள், நோயாளிக்குச் சொல்லுங்கள். வராண்டாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டாம், அவர் எவ்வளவு அக்கறையான ஆளாக இருந்தாலும்.

கருப்பசாமியிடம் போய், "வீட்டில் நீங்களே சொல்லிடுங்க" என்றேன். வெடிமருந்து அறையில் வருடக்கணக்காக வேலை பார்த்த மனுஷன், அதற்குப் பயந்து வேர்த்தார்.

தீபாவளி போனது. வாரா வாரம் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, இறங்கின இடத்திலேயே நின்றது. மதுரையிலிருந்து வரச்சொல்லி விட்டார்கள். புறப்படுவதற்கு முன்னால் முத்துமாரி மட்டும் என் அறைக்கு வந்தார். சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னாக" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எனக்கு முன்னாலயே தெரியும் மேடம். சுப்புத்தாய் அக்காகிட்ட ஒரு கரண்டி வையுங்கக்கான்னு சொன்னதே நாந்தான்."

டாக்டர் அறையில் அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் நின்றது கண் முன்னால் வந்தது.

"ஒரு கரண்டிதான் சொன்னேன். இம்புட்டாகும்னு தெரியாது. செத்திருப்பாக, தெரியும்." என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். குரலில் கோபம் இருந்தது. "ஆனா நீங்களே சொல்லுங்க. என் கிட்னியவே குடுக்கேன். ஒரு கரண்டி கீரை குடுக்கக்கூடாதா?"

கூடாது என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்லாமல், "போயிட்டு நல்லபடியா வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் பாண்டி எனக்குப் போன் செய்தார். அவர் என்னிடம் சிரித்துப் பேசியதே கிடையாது. அன்றைக்கும் சண்டைக்கு வருகிற தொனிதான்.

"மேடம், இவள என்ன செய்ய? இப்பத்தான் என்னய உள்ள விட்டாக. வயித்தக் கிளிச்சுப் போட்டுருக்கு. கண்ணு முளிச்சு வலிக்குதுன்னு சொல்லலை, தண்ணி கேக்கலை. மொதல் பேச்சே, 'அண்ணே, அவுக சாப்பிட்டாகளா?'ன்னு கேக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பாடு கிடக்கட்டும் தாயி, உன் மாப்பிள்ளை பை நிறைய மூத்திரம் போயிருக்காருன்னேன்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சொல்லிட்டு அங்கனயே நின்னு அழுதுட்டேன் மேடம்."